பதிவேட்டில் பதினொன்று, வாயில் ஒன்பது

பாடசாலைப் பற்சிகிச்சையாளர் என்று சர்மிலாவின் நியமனக் கடிதத்தில் இருக்கிறது. வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைப் பிள்ளைகளுக்கு அவர் பல்லு மிஸ். வருடத்தில் இரண்டு தடவை பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து, பழுகாமத்துக்கும் அப்பால் வயல்களுக்கு நடுவே கிடக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டியில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே ஏதாவது ஒரு பிள்ளையின் நாடியைப் பிடித்து வாயைத் திறக்க வைத்திருப்பார்.

அவரால் இருந்து வேலை செய்ய முடியாது. கதிரை போட்டுக் கொடுத்தால் அதில் கைப்பையை வைத்துவிட்டு நின்றுகொண்டே பார்ப்பார். தேநீர் கொடுத்தால் இரண்டு மிடறு குடித்துவிட்டு எங்கே வைத்தோம் என்று மறந்துவிடுவார். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையில் அந்தக் குட்டிக் கண்ணாடியைப் பெருவிரல் நகத்தில் டிக் டிக்கென்று தட்டிக்கொண்டே நிற்பார்.

என் வகுப்பு ஐந்தாம் வகுப்பு. அங்கே அவருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. பிள்ளை தன் வயதைச் சொல்லக்கூடாது. மிஸ் வாயைப் பார்த்து வயதைச் சொல்வார். நான் பதிவேட்டில் பிறந்த திகதியைப் பார்த்துச் சரியா பிழையா என்று சொல்லவேண்டும். அரை வருடத்துக்கு மேல் பிசகினால் மிஸ் ஒரு பாட்டுப் படிக்கவேண்டும். நான் அங்கே படிப்பிக்கத் தொடங்கி நான்கு வருடம். அவர் பாடி நான் கேட்டதில்லை.

"இதில பெரிய கெட்டித்தனம் ஒண்டும் இல்ல சேர்," என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "அஞ்சாம் வகுப்புப் புள்ளைக்கு ஒன்பது, பத்து எண்டு ஆரும் சொல்லுவாங்க. ஒண்டாம் வகுப்பில இருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும் கலந்து நிக்க விடுங்க, அப்ப பாருங்க."

பெரியவர்களின் வயதைக் கேட்டால் சொல்லமாட்டார். கழுவாஞ்சிக்குடியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிற அவருடைய கணவர் லூர்து, கலியாண வீடுகளில் மாப்பிள்ளையைக் காட்டி, "வாயைப் பாத்துச் சொல்லுமன், முப்பத்திரண்டு எண்டது உண்மையா?" என்று சீண்டுவாராம். "பதினாலோட என்ட கணக்கு முடிஞ்சிடும். அதுக்குப் பிறகு பல்லு தேயுமே தவிர, வயசு பறையாது," என்பாராம் இவர்.

இந்த வருடம் வைகாசியில் வந்தபோது வரிசையில் பதினேழாவதாக நின்றது தனுஷியா.

வாயைப் பார்த்தார். நகத்தில் இரண்டு தட்டு.

"ஒன்பதரை."

நான் பதிவேட்டைப் பார்த்தேன். விரலை வைத்து இன்னொரு தடவை பார்த்தேன். "பதினொரு வயசும் ஒன்பது மாசமும், மிஸ்."

வகுப்பு எழும்பி நின்றது. மேசையில் அடித்தார்கள். "பாட்டு! பாட்டு! பல்லு மிஸ் பாட்டு!" நான்கு வருடக் கடனை ஒரே நாளில் வசூலிப்பதுபோல் ஒரு சத்தம். சர்மிலா மிஸ் சிரித்தார். கோயில் பாட்டுக்குழுவில் பாடியவராம், நல்ல குரல்தான். முதல் இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரியில் நிறுத்திவிட்டு, "ஒருக்கா இஞ்ச வா, தங்கம்," என்று தனுஷியாவைத் திரும்பக் கூப்பிட்டார். பாட்டு அந்தரத்தில் நின்றது.

இந்தத் தடவை நெடுநேரம் பார்த்தார். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரிந்தது ஒரு பிள்ளையின் வாய்தான்.

"முன்னுக்கு மேல நாலு, கீழ நாலு, பெரிய பல்லு. கடைசியில ஆறு வயசில முளைக்கிற கடவாப்பல்லு. சரி. இடையில இருக்கிறது எல்லாம் பாருங்க. பால் பல்லு. ஒண்டுகூட ஆடயில்ல. பன்னிரண்டைத் தொடுற புள்ளைக்கு இது முக்கால்வாசி விழுந்து புதுசு வந்திருக்கவேணும்."

"சுணங்கிச் சேர்த்த பிள்ளை, மிஸ்," என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படி உண்டு. வேளாண்மைக் காவலுக்குத் தாய் தகப்பன் தூரத்து வயல் வட்டையில் வாடிக் குடிசை போட்டு இருந்தால், பிள்ளைகளும் அங்கேயே இருந்து ஒரு வருடம் இரண்டு வருடம் பிந்தித்தான் பள்ளிக்கூடம் வரும்.

"பள்ளிக்கூடத்துக்குச் சுணங்கலாம் சேர். பல்லு ஏன் சுணங்கின?"

தனுஷியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, "மிஸ், அப்ப எனக்குச் சோதினை எழுதலாமா?" என்று கேட்டது.

அந்தக் கேள்விக்கு மறுமொழி சொல்லவேண்டியவன் நான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு வயதெல்லை இருக்கிறது. தை மாதக் கடைசியில் பதினொரு வயது தாண்டியிருக்கக்கூடாது. விண்ணப்பப் பட்டியல் தயாரிக்கும்போது தனுஷியாவின் பெயருக்கு மேலே சிவப்புப் பேனையால் கோடு இழுத்தது நான்தான். மாதிரிப் பரீட்சைகளில் இருநூறுக்கு நூற்றி எழுபதுக்குக் குறையாமல் எடுக்கிற பிள்ளை. எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்து ஒருவரும் இதுவரை வெட்டுப்புள்ளியைத் தாண்டியதில்லை. தாண்டினால் வாவிக்கு அக்கரையில், எழுவான்கரையில் பெரிய பள்ளிக்கூடம், மாதாமாதம் உதவிப்பணம். கோடு இழுத்த அன்று அது அழவில்லை. மாதிரி வினாத்தாள் கொடுக்கும்போது, தனக்கும் ஒன்று தரும்படி மட்டும் கேட்டது.

"பட்டியல் எப்ப அனுப்புறது?" என்றார் சர்மிலா மிஸ்.

"வெள்ளிக்கிழமை நாலு மணி."

அன்று திங்கள்.

பள்ளிக்கூட அதிபர் ஜெயராஜா சேர் நல்ல மனிதர், வம்பென்றால் பயம். "மிஸ், நீங்க பல்லைப் பாருங்க. பத்திரத்தை அரசாங்கம் பாக்கட்டும். பிறப்புப் பத்திரத்தில ஆவணி மாசம் எண்டு சீல் அடிச்சிரிக்கு. அதுக்கு மேல நான் என்னத்தைச் செய்யிற?"

"பத்திரத்துக்குப் பல்லு முளைக்கிறயில்ல சேர்."

"அதுக்காக உங்கட வாய்க் கணக்கை வலயக் கல்விக் காரியாலயத்துக்கு அனுப்பேலுமா? மூண்டாம் வரியோட பாட்டை நிப்பாட்டின கோபமோ தெரியா, இந்தக் கணக்கு உங்களுக்கு வெட்கமாப் போயிட்டுது. விடுங்க."

அவர் விடவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு என்னுடன் நடந்தார். தனுஷியாவின் வீடு குளக்கட்டுக்குக் கீழே. தகப்பன் வினோஜன் வெட்டு மெசின் ஓட்டுகிறவர். அறுவடைக்குப் பொலன்னறுவைப் பக்கம் போயிருந்தார். தாய் அன்னப்பூரணி முற்றத்தில் படங்கு விரித்து அவித்த நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். நெல்லுக்குள் நீளமாக ஒரு கோடு நடந்து, திரும்பி, பக்கத்தில் இன்னொரு கோடு.

"வாங்க மிஸ், வாங்க சேர். புள்ளைக்குப் பல்லில புழுவா?"

"இல்லக்கா. நல்ல பல்லு. ஒண்டு கேட்டுப் போக வந்த. புள்ள எங்க பிறந்தது?"

"பத்திரத்தில இரிக்கிதானே." நடை நிற்கவில்லை.

"ஆஸ்பத்திரி எண்டு இருக்கு."

"அப்ப ஆஸ்பத்திரிதான்."

சர்மிலா மிஸ் படங்கின் ஓரமாக அவருக்குச் சமமாக நடக்கத் தொடங்கினார். ஒருவர் நெல்லுக்குள், ஒருவர் மணலில். "முதல் பல்லு எப்ப விழுந்தது? அது தாய்மாருக்கு நினைவிரிக்கும்."

அன்னப்பூரணியின் முகம் சட்டென்று மலர்ந்தது. "கொரோனாக்குள்ள. ஊரடங்கு போட்டிருந்த நேரம், வெளியில போகேலாது. விழுந்த பல்லைக் கூரைக்கு எறியிறதுக்கு வாசலுக்கு வந்த, பொலிஸ் வருமெண்டு பயந்து திரும்ப உள்ளுக்கு ஓடினவள்…"

கால் நின்றது.

"அப்ப பத்திரக் கணக்கில எட்டு வயசு தாண்டிட்டு," என்றார் சர்மிலா மிஸ் மெதுவாக. "முதல் பல்லு ஆறில விழும்."

"இவளுக்குச் சுணங்கித்தான் விழுந்த. எங்கட பரம்பரையில எல்லாருக்கும் அப்பிடித்தான்." குரல் மாறிவிட்டது. "சுணங்கிப் பல்லு விழுற புள்ளையளே உலகத்தில இல்லையா மிஸ்? நீங்க படிச்சனீங்க. சொல்லுங்க."

"இருக்கு."

"அப்ப என்ன கதை?"

"கதை என்னெண்டா அக்கா, வயசு ஒன்பதெண்டா புள்ள சோதினை எழுதலாம்."

"நான் கேட்டனா? சோதினை எழுதாட்டி என்ட புள்ள செத்தா போயிடும்?"

சொல்லிவிட்டு அந்தச் சொல்லின் மேல் கால் வைத்தவர்போல் நின்றார். பிறகு உள்ளே போனார். கதவு சாத்தவில்லை, வெளியே வரவும் இல்லை. கோழி ஒன்று படங்கில் ஏறி நெல் பொறுக்கியது. அதைத் துரத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் நின்றேன். சர்மிலா மிஸ்தான் துரத்தினார்.

பிரதான வீதிக்கு ஏறும்வரை அவர் ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே நடந்தார். ஸ்கூட்டியை ஸ்டார்ட் செய்தார், நிறுத்தினார்.

"சேர், நான் பிழையா இருந்தா?"

சாவியைத் திருகாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நூறு புள்ளையில ரெண்டு மூண்டு சுணங்கும். அது உண்மை. அவ பொய் சொல்லயில்லயெண்டா நான் ஒரு தாயிட முற்றத்தில போய் நிண்டு, நீ கள்ளி எண்டு சொல்லிட்டு வந்திருக்கன்."

செவ்வாய்க்கிழமை இடைவேளைக்குள் இரண்டு தடவை போன் எடுத்தார். முதலாவது தடவை, தன் கிளினிக்குக்கு வந்த பதினொரு வயதுப் பிள்ளைகள் ஒன்பது பேரின் வாயைப் பார்த்ததாகவும், ஒருவர் வாயிலும் அவ்வளவு பால் பல் இல்லை என்றும் சொன்னார். குரலில் உற்சாகம். இரண்டாவது தடவை எடுத்தபோது உற்சாகம் இல்லை.

"செட்டிபாளையத்து ஆள் ஒண்டு கிடைச்சிட்டு. பேர் ஜசிந்தன். பதினொண்டரை வயசு. அவன்ட தாய் ஆஸ்பத்திரித் தாதி, திகதி பிழைக்க வழியில்ல. வாயைத் திறக்கிறான், பக்கமெல்லாம் பால் பல்லு. சிரிக்கிறான் சேர். எனக்கு அடிக்கோணும்போல இருந்தது."

"அப்ப?"

"அப்ப என்ன. விடுவம். ஜெயராஜா சேருக்குச் சொல்லுங்க, பல்லு மிஸ் பிழை எண்டு."

புதன்கிழமை, பரிசோதித்த பிள்ளைகளின் பல் அட்டைகளைக் கையளிக்க நான் அவருடைய கிளினிக்குக்குப் போனேன். எழுவான்கரையில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தின் மூலைக் கட்டடம். ஒரு அறை, ஒரு சாயும் கதிரை, சுவரில் சிரிக்கிற முதலையின் படம். அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கும்போது வாசலில் அன்னப்பூரணி. பக்கத்தில் பள்ளிக்கூடச் சீருடையில் தனுஷியா. முதல் பஸ்ஸில் வந்திருக்கவேண்டும். வியர்வையில் தாயின் சாரித் தலைப்பு தோளோடு ஒட்டியிருந்தது.

"இருங்கக்கா."

"இருக்க வரயில்ல. ஒண்டைச் சொல்லிட்டுப் போக வந்த. எழுதிக்கொள்ளுங்க, மறுகா எங்கட வீட்டுப் பக்கம் வராதீங்க." மனப்பாடம் செய்து வந்ததுபோல் சொன்னார். "இவளுக்கு ரெண்டாம் வயசு நடக்கக்குள்ள பெரிய காய்ச்சல். இருபது நாள். வலிப்பும் வந்தது. பிழைக்காதெண்டுதான் எல்லாரும் சொன்ன. அந்தக் காய்ச்சலாலதான் பல்லுச் சுணங்கின. இப்ப விளங்குதா?"

சர்மிலா மிஸ் தலையாட்டினார். அவர் அதை ஏற்றுக்கொண்டு விடுவார் என்றே நான் நினைத்தேன். ஏற்றுக்கொள்ளத்தான் அவரும் விரும்பினார் என்று நினைக்கிறேன். ஆனால் கை பழக்கத்தில் போய் லைட்டை எரித்துவிட்டது. "ஏறு தங்கம்," என்றார். தனுஷியா சாயும் கதிரையில் ஏறி வாயைத் திறந்தது.

நகத்தில் தட்டவில்லை. கண்ணாடி மேல் முன்பற்களுக்கு முன்னால் அசையாமல் நின்றது.

"அக்கா, பால் பல்லு வாயில இருக்கக்குள்ளயே, அடுத்த பல்லு முரசுக்குள்ள, தசைக்கு அடியில, கொஞ்சம் கொஞ்சமாக் கட்டுப்படும். அந்த நேரம் பெரிய காய்ச்சல் வந்தா, சில புள்ளையளுக்குக் கட்டுற இடத்தில ஒரு கோடு விழும். பள்ளம்போல. பல்லு முளைச்சாலும் அது அழியாது." கண்ணாடியைக் கொஞ்சம் சரித்தார். "இந்தப் பல்லு கண்ணாடிபோல இருக்கு. ஒரு கீறல் இல்ல."

அன்னப்பூரணி சாரித் தலைப்பை இழுத்துப் பிடித்தார்.

"எல்லாருக்கும் விழாது அக்கா," என்று அவசரமாகச் சொன்னார் சர்மிலா மிஸ். "இது சாட்சி இல்ல. நான் சும்மா…"

அன்னப்பூரணி கதிரைக்குக் கிட்ட வந்தார். குனிந்தார். லைட் வெளிச்சத்தில் மகளின் வாய்க்குள் பார்த்தார். சுட்டுவிரலால் இரண்டு முன்பற்களையும் மேலிருந்து கீழாகத் தடவினார், பிறகு இன்னொரு தடவை.

"இவளுக்கு எப்பிடி விழும் மிஸ்," என்றார். "காய்ச்சல் இவளுக்கு இல்லயே."

வெளியே விளையாட்டு மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். தனுஷியா வாயை மூடாமலே படுத்திருந்தது. அதன் கண்கள் மட்டும் தாயின் முகத்துக்குப் போயின.

அதன் பிறகு அவர் சொன்னது துண்டு துண்டாக வந்தது. மூத்தவளுக்கும் பெயர் தனுஷியா. பத்திரம் அவளுடையது. தூரத்து வட்டையில் வாடி போட்டுக் காவலுக்கு இருந்த மாரி அது, யானைத் தொல்லை. காய்ச்சல் இருபதாம் நாள் வலிப்பானது. உழவு மெசினில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பாதி வழியில் வினோஜன் மெசினைத் திருப்பினார். வயல் ஓரத்தில் ஒரு மருத மரத்தடியில் குழி வெட்டி வைத்தார்கள். அரசாங்கத்தில் ஒருவருக்கும் அறிவிக்கவில்லை. ஒரு மாதத்தில் திரும்பவும் வயிற்றில் தங்கியது. அந்த வருட மார்கழி வெள்ளத்தில், ஊரைச் சுற்றித் தண்ணீர் நிற்க, வாடிக்குள்ளேயே இவள் பிறந்தாள். அப்போதிருந்த மருத்துவ மாது மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக வந்தவருக்கு மூத்தவளின் பழைய கிளினிக் அட்டையைக் கொடுத்தார்கள்.

"அதே முகம். தலையில அதே சுழி. அவள்தான் திரும்பி வந்திட்டாள் எண்டு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்பிடித்தான் வளத்த. திரும்பி வந்த புள்ளைக்கு எதுக்கு ரெண்டாவது பத்திரம்?" கையை மகளின் தலையில் வைத்தார். "ஸ்கூலில சேக்கக்குள்ள பத்திரம் கேட்டாங்க. குடுத்த. போன மாசம் சேர் வயசு கூடிட்டு எண்டு சொன்ன நாளில இருந்து எனக்குச் சோறு இறங்கயில்ல. சொல்லவும் ஏலாது. சொன்னா மூத்தவள் செத்திட்டாள் எண்டு நான் என்ட வாயால சொல்லோணும்."

சர்மிலா மிஸ் முதல் தடவையாக ஒரு கதிரையில் இருந்ததை அன்று பார்த்தேன். ஒரு நிமிடம். பிறகு எழுந்து மணிக்கூட்டைப் பார்த்தார்.

"வெள்ளி நாலு மணி. எழும்புங்கக்கா."

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியில் தாடை முழுவதையும் ஒரே படமாக எக்ஸ்ரே எடுத்தார்கள். பல் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, முரசுக்குள் காத்திருக்கிற பற்களின் வேர்கள் எவ்வளவு நீண்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்பதுக்கும் பத்துக்கும் இடைப்பட்ட வயது என்று கடிதம் கொடுத்தார். சர்மிலா மிஸ் அந்தக் கடிதத்தை வாசலில் நின்று மூன்று தடவை வாசித்தார். "செட்டிபாளையத்தானிட வேரையும் ஒருநாள் பாக்கவேணும்," என்று முணுமுணுத்தார். ஜெயராஜா சேரும் மாறிவிட்டார். வலயக் காரியாலயத்துக்குப் போன் மேல் போன் எடுத்து, டொக்டர் கடிதமும் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பித்த பற்றுச்சீட்டும் இருந்தால் பெயரைச் சேர்க்கலாம், பத்திரம் பரீட்சைக்கு முன் வந்தால் போதும் என்று சம்மதம் வாங்கியிருந்தார். "பற்றுச்சீட்டு நம்பர் மட்டும் சொல்லுங்க. நான் கம்பியூட்டருக்கு முன்னால இருக்கன். எழும்பமாட்டன்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரைக்குப் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பகுதி. உத்தியோகத்தர் பெயர் றஸீனா. கடிதத்தைப் படித்தார், பழைய பத்திரத்தைப் பார்த்தார், தாயைப் பார்த்தார். கடுமையானவர் அல்ல, ஆனால் விதி விதிதான்.

"இந்தப் பத்திரக்காரி உயிரோட இருக்கிறா எண்டுதான் எங்கட புத்தகம் சொல்லுது. அதே தாய் தகப்பன், அதே பேர். அவ மௌத்தான கதையைப் பதியாம இவவிட பிறப்பை நான் எப்பிடித் திறக்கிற? முதல்ல அதை எழுதுவம். என்ன திகதி?"

அன்னப்பூரணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "தெரியா."

"அண்ணளவா?"

"வேளாண்மை விளைஞ்சிருந்த நேரம்."

"மாசம் வேணும் அக்கா. ஏதாச்சும் ஒரு திகதி போட்டுக்கொள்ளுவமா? அண்ணளவாக எண்டு எழுதலாம்."

"ஏதாச்சும் ஒரு நாளில்ல மேடம் அது."

மணிக்கூடு இரண்டு ஐம்பது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் தனுஷியா கால்களை ஆட்டிக்கொண்டு ஒரு மாதிரி வினாத்தாளைச் செய்துகொண்டிருந்தது. சர்மிலா மிஸ் இரண்டு தடவை கதவு வரை போய் வந்தார். மூன்றாவது தடவை திரும்பி வந்து அன்னப்பூரணியின் கதிரைக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அக்கா, மூத்தவளுக்கு அப்ப எத்தினை பல்லு?"

அன்னப்பூரணி அவரைப் பார்த்தார். பிறகு தன் விரலைத் தன் வாய்க்குள்ளேயே விட்டு எண்ணத் தொடங்கினார். "மேல நாலு. கீழ நாலு. கடவாப்பல்லு மேல ரெண்டு, கீழ ரெண்டு… வந்திட்டு. அதால கச்சான் கொட்டை கடிப்பாள்." விரல் மேலே இடது பக்கம் நின்றது. "இதில, கூரான பல்லு. நுனி மட்டும். அந்தக் கிழமைதான் வெளியில வந்த. பால் குடிக்கக்குள்ள குத்தும். இஞ்ச." நெஞ்சில் சேலையின் மேல் கையை வைத்தார். "இந்தக் காயம் ஆற முதல் அவள் போயிட்டாள்."

றஸீனா பேனையைக் கீழே வைத்தார்.

"பதினெட்டு மாசம்," என்றார் சர்மிலா மிஸ். வகுப்பில் சொல்கிற குரலில் அல்ல. "கூடக் குறையப் பதினெட்டு. ஆவணியில பிறந்தவ. மாசி வரும்."

"மாசி," என்றார் அன்னப்பூரணி. "மாசிதான். வெட்டு மெசின் வட்டைக்குள்ள இறங்கின கிழமை." பிறகு கேட்டார்: "நாளும் பல்லில தெரியுமா மிஸ்?"

"தெரியா அக்கா. நாள் தெரியா."

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கிறீச்சிட்டது. அன்னப்பூரணி கண்ணை மூடவில்லை. மேசையில் கிடந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை. உழவு மெசின் சந்தைக்குப் போயிருந்தது. அது வாறவரைக்கும் காத்திருந்த நாங்க. அடுத்த நாள் பறுவம். வைச்சிட்டு வரக்குள்ள வயலெல்லாம் நிலவு."

றஸீனா போனில் அந்த வருடத்துப் பெப்ரவரி நாட்காட்டியைத் தேடி எடுத்தார். பௌர்ணமி ஒரு வெள்ளிக்கிழமை. அதற்கு முதல் நாள் பதின்மூன்றாம் திகதி. காட்டினார். அன்னப்பூரணி தலையசைத்தார். பெயர், வயது, திகதி எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்துக்குத் தள்ளியபோது, அவர் எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.

இரண்டாவது படிவம் விரைவாக முடிந்தது. "இந்தப் புள்ளைக்கும் அதே பேர்தானா? மாத்துறதெண்டா இப்ப மாத்தலாம்," என்றார் றஸீனா.

தாய் மகளைப் பார்த்தார். தனுஷியா வினாத்தாளில் இருந்து தலை நிமிர்த்தியது. "மாத்தினா, செஞ்ச மாதிரிப் பேப்பர் எல்லாத்திலயும் பேர் வெட்டி எழுதோணும்."

றஸீனா சிரித்துவிட்டார். பின்வரிசையிலும் யாரோ சிரித்தார்கள்.

மூன்று இருபத்தைந்துக்கு நான் பற்றுச்சீட்டின் இலக்கத்தைப் போனில் வாசித்தேன். ஜெயராஜா சேர் ஒவ்வொரு இலக்கத்தையும் திருப்பிச் சொன்னார். விசைகள் தட்டுப்படும் சத்தம் கேட்டது. "போட்டாச்சு," என்றார். பிறகு, "திரும்ப ஒருக்கா வாசியும், பிழையாப் போட்டிட்டனோ தெரியா," என்றார். திரும்ப வாசித்தேன்.

வெளியே வந்தோம். வெயில் சற்றும் இறங்கவில்லை. சர்மிலா மிஸ் ஹெல்மெட்டைப் போட்டு, ஸ்கூட்டியில் ஏறி, ஏதோ மறந்தவர்போல் இறங்கி, கைப்பையைத் தேடினார்; அது தோளிலேயே இருந்தது. அன்னப்பூரணி அந்தப் பழைய பத்திரத்தை இரண்டாக மடிப்பதா நான்காக மடிப்பதா என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

தனுஷியா தாயின் சேலையைப் பிடித்து இழுத்தது. "அப்ப எனக்கு உண்மையில எத்தினை வயசு?"

சர்மிலா மிஸ் வாயெடுத்தார். அன்னப்பூரணி முந்திக்கொண்டார்.

"ஒன்பது," என்றார். "வாற மார்கழிக்குப் பத்து."